எழுத்தாணி முதல் சுட்டெலி வரை: எழுதுவோர் மேசையின் கதை

தமிழிலக்கிய வரலாற்று நூல்கள் ஒரு புலவரின் காலத்தைச் சொல்லும், ஊரைச் சொல்லும், ஆதரித்த வள்ளலின் பெயரைச் சொல்லும். அவர் எதைக் கொண்டு எழுதினார், எதன் மீது எழுதினார், எழுதும்போது அவர் விரல்கள் என்ன பாடுபட்டன என்பவற்றை அவை அரிதாகவே சொல்லும். கருவியைப் பற்றிப் பேசுவது கலையைக் குறைத்துப் பேசுவதாகும் என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக இருக்கிறது. ஆனால் எழுத்தின் வடிவத்தைக் கருவிகள் பலமுறை தீர்மானித்திருக்கின்றன. இன்று நாம் எழுதும் ஏகாரத்தின் காலும், லைகாரத்தின் கொம்பும், மெய்யெழுத்தின் தலைமேலுள்ள புள்ளியும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு கருவியோடு நடந்த உடன்படிக்கையின் அடையாளங்களே.

இக்கட்டுரையின் நோக்கம் எளியது. கணினிக்குச் சுட்டெலி வாங்குவது, விசைப்பலகை வாங்குவது என்பன இன்று ஐந்து நிமிட வேலைகள். எங்கள் ஆண்டிமடம் பகுதியிலிருந்து ஜெயங்கொண்டத்துக்கோ விருத்தாசலத்துக்கோ சென்று, கடைக்காரர் எடுத்து வைக்கும் இரண்டு மூன்று பெட்டிகளில் விலை குறைந்ததைச் சுட்டிக்காட்டி வாங்கி வருகிறோம். நிறத்தைப் பார்க்கிறோம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேட்கிறோம். எழுதுகருவியைத் தெரிந்தெடுப்பதில் இத்தனை அலட்சியம் நம் முன்னோரிடம் இருந்ததில்லை. அந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால், அந்த ஐந்து நிமிடங்களில் எதைத் தெரிந்தெடுக்கிறோம் என்பது விளங்கும்.

ஓலையும் ஆணியும்

பழைய பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக்கும் ஓலைச்சுவடிக்கும் உள்ள உறவு மிக நெருக்கமானது. 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் தம் இளமையின் பெரும் பகுதியைக் கழித்தது இந்த மண்ணில்தான். அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் அவர் பாடம் கேட்டார். பின்னாளில் ஏட்டைத் தேடி ஊர் ஊராக அலைந்தவரின் விரல்கள் ஏட்டோடு பழகியது இங்கேதான் எனலாம்.

அவர் தம் சரித்திரத்தில் எழுத்தாணி வகைகளை ஒரு கைவினைஞரின் கவனத்தோடு விவரித்திருக்கிறார். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று மூன்று வகை. குண்டெழுத்தாணிக்குக் கொண்டை கனமாக இருக்கும். வாரெழுத்தாணி அதைவிட நீளமானது. அதன் மேல்முனையில் கத்தி போன்ற தட்டையான பகுதி இருக்கும். ஓலையை வாரவும் நறுக்கவும் அது உதவும். மடக்கெழுத்தாணியில் ஒருபுறம் ஆணியும் மறுபுறம் கத்தியும் இருக்கும். இரண்டையும் கைப்பிடிக்குள் மடக்கிவிடலாம். பள்ளிக்கூடத்துப் பையனுக்கு ஒன்று, எப்போதும் ஏடு வாரி எழுதுபவருக்கு ஒன்று, வழிநடைப் பயணத்தில் மடியில் செருகிக்கொள்பவருக்கு ஒன்று என்று எளிதில் பிரித்துக்கொள்ளலாம். யாருடைய கை, என்ன வேலை, எந்த இடம் என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த மூன்று வடிவங்களில் விடை இருக்கிறது.

ஆணி மட்டும் போதாது. துணைக்கருவிகளின் ஒரு சிறு குடும்பமே உண்டு. ஏட்டின் துளையில் செருகும் நாராசம், சுவடியின் மேலும் கீழும் வைத்துக் கட்டும் மரச்சட்டங்கள், கட்டுவதற்குக் கயிறு, கயிற்றின் முனையில் கிளிமூக்குப் போல் நறுக்கிய ஓலைத்துண்டு. எழுதியது கண்ணுக்குத் தெரிய மஞ்சள், வசம்பு, இலைச்சாறு, கரி முதலியவற்றைக் கலந்து தடவுவார்கள். புதிய ஏட்டுக்கு இப்படி மை பூசிப் பள்ளிப் பிள்ளைகளிடம் தருவதை மையாடல் என்று ஒரு சடங்காகவே செய்தார்கள். கருவி கைக்கு வருவது ஒரு விழாவாக இருந்த காலம் அது.

ஓலையில் எழுதுபவரின் கைகளைக் கூர்ந்து நோக்கினால் ஒரு வியப்பான செய்தி புலப்படும். இடக்கையில் ஓலை, வலக்கையில் ஆணி. இடக்கைக் கட்டைவிரல் ஆணிக்கு முட்டுக்கொடுக்கும். அதற்காகவே அந்த விரலின் நகத்தை வளர்த்துப் பிறை போல் வெட்டி வைத்துக்கொள்வார்கள். ஆணி ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்க, இடக்கை ஓலையை மெல்ல மெல்ல நகர்த்தும். எழுதுகோல் நிற்கிறது, எழுதப்படுவது நகர்கிறது. தாளும் பேனாவும் வந்தபோது இது தலைகீழானது. தாள் நின்றது, கை நகர்ந்தது. தட்டச்சுப்பொறியில் மறுபடியும் தாள் நகர்ந்தது. கணினியில் தாளும் இல்லை, கோலும் இல்லை. மேசை மீது கை நகர, திரையில் ஓர் அம்பு நகர்கிறது.

புள்ளி போன கதை

கருவிக்கு எழுத்து கொடுத்த விலையும் உண்டு. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்கிறது தொல்காப்பியம். குற்றெழுத்துகளான எகர ஒகரங்களும் புள்ளி பெறும் என்கிறது. ஆனால் ஓலையில் கூரிய ஆணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். ஆகவே எழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டார்கள். கங்கைகொண்ட சோழபுரம் போன்ற இடங்களின் கல்வெட்டுகளிலும் புள்ளி பெரும்பாலும் இல்லை. அகரம் ஏறிய மெய்யா, தனி மெய்யா என்பதைப் படிப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். எகரமா ஏகாரமா என்பதும் அப்படியே. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியாது. ஒரே வரியை இருவர் இருவிதமாகப் படிக்க இடமுண்டு. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சா. போன்றோர் பட்ட பாட்டின் ஒரு பாதி இந்தக் காணாமற்போன புள்ளிகளால் வந்தது.

இந்தச் சிக்கலின் ஒரு முடிச்சை அவிழ்த்தவரும் எங்கள் மாவட்டத்தோடு தொடர்புடையவரே. 1680இல் இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர், கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சியில் பல்லாண்டுகள் தங்கியிருந்தார். தேம்பாவணியின் ஆசிரியர், 1732இல் சதுரகராதி தொகுத்தவர். எகர ஏகாரத்துக்கும், ஒகர ஓகாரத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டை அவர் அமைத்தார். குறிலுக்குப் புள்ளி வைக்கும் பழைய வழியை விடுத்து, நெடிலின் வடிவத்தை மாற்றினார். ஓலைக்கு ஊறு செய்யாத, ஐயத்துக்கு இடந்தராத தீர்வு அது.

இதை நாம் இலக்கணத் திருத்தம் என்று மட்டும் எண்ணுகிறோம். என் பார்வையில் இது ஒரு கருவித் திருத்தமும் ஆகும். கையிலிருக்கும் கருவியால் எதைச் செய்ய இயலும், எதைச் செய்ய இயலாது என்பதை அறிந்த ஒருவர், அந்த எல்லைக்குள் மொழியின் தேவையை நிறைவு செய்தார். அச்சு பரவியபோது அந்த வடிவங்கள் நிலைபெற்றன. ஈய அச்சில் புள்ளி வைக்க எந்தத் தடையும் இல்லை. எனவே மெய்யின் புள்ளியும் திரும்பி வந்தது. தமிழில் முதன்முதலில் அச்சான நூல்களில் ஒன்றாகிய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. ஆனால் ஏடு எழுதும் வழக்கம் அதன் பிறகும் முந்நூறு ஆண்டுகள் நீடித்தது. ஒரு கருவி வந்தவுடன் இன்னொரு கருவி மறைந்துவிடுவதில்லை. இரண்டும் ஒரே வீட்டில் நெடுநாள் குடியிருக்கும்.

முத்தையாவின் நகரா விசை

அடுத்த உடன்படிக்கை தட்டச்சுப்பொறியோடு. 1874இல் அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஷோல்ஸின் பொறி இருபத்தாறு எழுத்துகள் கொண்ட மொழிக்காக உருவானது. நமக்கோ இருநூற்று நாற்பத்தேழு. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பகுதிகளில் பணியாற்றிய ஆர். முத்தையா இந்தப் புதிரை எடுத்துக்கொண்டார். நாற்பதுக்குச் சற்று அதிகமான விசைகளில் தமிழின் அத்தனை எழுத்துகளையும் அடக்க வேண்டும். எழுத்துகளைத் துண்டுகளாக்கினார். விசையை அழுத்தினால் எழுத்துப் பதியும், ஆனால் தாள் நகராது என்ற நகரா விசைகளைச் சில குறிகளுக்கு அமைத்தார். அடுத்து வரும் எழுத்து அதே இடத்தில் விழுந்து முழு எழுத்தாகும். அவர் வடிவமைத்த பொறி ஜெர்மனியில் செய்விக்கப்பட்டு பிஜூ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இதன் விளைவாக ஒரு வினோதம் நிகழ்ந்தது. தமிழன் ‘கி’ என்று சொல்லும்போது முதலில் ககரம் பிறக்கிறது, பின் இகரம் சேர்கிறது. தட்டச்சு செய்பவரின் விரலோ பல இடங்களில் குறியை முதலில் தேடியது. எழுத்தைப் பிறகு தேடியது. ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே, ‘கொ’ என்பதில் முன்னும் பின்னும். ஒலியின் ஒழுங்கு ஒன்று, பொறியின் ஒழுங்கு வேறொன்று. விரல்கள் இலக்கணத்தை மறந்து வடிவத்தைக் கற்றன.

ஆயினும் அந்தப் பொறி தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. 1956இல் சென்னை மாநிலத்தில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. சட்டத்தை மேசைக்குக் கொண்டுவர ஒரு கருவி வேண்டாமா? தமிழ்த் தட்டச்சுப்பொறி இல்லாதிருந்தால் தாலுகா அலுவலகத்தில் தமிழ் ஏறியிருக்காது. சிற்றூர்களின் கடைத்தெருக்களில் மாடிப்படி ஏறிச் செல்லும் தட்டச்சுப் பயிலகங்கள் தோன்றின. இளநிலை, முதுநிலைத் தேர்வுகள் எழுதி அரசுப்பணிக்குச் சென்ற பெண்களின் ஒரு தலைமுறையே உண்டு. முந்திரிக்கொட்டை உடைத்துக் கை கறுத்த வீடுகளிலிருந்து அலுவலக நாற்காலிக்குப் போன பாதை அந்த மாடிப்படி வழியாகவும் சென்றது. கருவி என்பது பிழைப்பும் ஆகும் என்பதை மறக்கலாகாது.

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. பெரியார் 1935 முதல் குடி அரசு இதழில் கையாண்டுவந்த வடிவங்கள் அதன் அடிப்படை. ணா, றா, னா, லை, ளை போன்றவை ஒரே ஒழுங்குக்குள் வந்தன. துதிக்கை போல் வளைந்த பழைய லைகாரம் பாடநூல்களிலிருந்து விடைபெற்றது. அச்சுக் கோப்பவரின் அறைகள் குறையும், தட்டச்சு எளிதாகும் என்பன சொல்லப்பட்ட காரணங்களுள் முக்கியமானவை. எழுத்து மீண்டும் ஒருமுறை கருவிக்கு வளைந்துகொடுத்தது.

மரக்கட்டையில் பிறந்த எலி

இதே காலத்தில் உலகின் மறுகோடியில் வேறொரு துணைக்கருவி உருவாகிக்கொண்டிருந்தது. கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர், மனிதர் கணினியோடு சேர்ந்து சிந்திக்க வழி தேடிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு சொல்லைச் சுட்டுவதற்கு எது சிறந்த கருவி? அவருடைய கருத்தை வைத்து பில் இங்கிலிஷ் 1964இல் முதல் சுட்டெலியைச் செய்தார். கைக்குள் அடங்கும் ஒரு மரக்கட்டை. அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு சக்கரங்கள். மேலே ஒரே பொத்தான். வால் போல ஒரு கம்பி.

இவ்வரலாற்றில் நம் கவனத்துக்குரிய இடம் இதுதான்: தாம் செய்த கருவி என்பதற்காக அவர்கள் அதைத் தேர்ந்துவிடவில்லை. ஒளிப்பேனா, நெம்புகோல் போன்ற கைப்பிடி, மேசைக்கடியில் முழங்காலால் இயக்கும் ஒரு கருவி ஆகியவற்றோடு சுட்டெலியையும் வைத்து ஆட்களை அமர்த்திச் சோதித்தார்கள். எவ்வளவு விரைவாகச் சுட்டுகிறார்கள், எத்தனை முறை தவறுகிறார்கள் என்று அளந்தார்கள். புதியவர்களுக்கு முழங்கால் கருவியும் ஒளிப்பேனாவும் கைகொடுத்தன. பழகியவர்களின் கையில் சுட்டெலியே வென்றது. முதல் நாளில் எளிதாக இருப்பதும், நூறாவது நாளில் சிறப்பாக இருப்பதும் ஒன்றல்ல என்று அந்தச் சோதனை காட்டியது. 1978இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் கார்டு, இங்கிலிஷ், பர் ஆகியோர் மறுபடி சோதித்தபோதும் சுட்டெலியின் வேகத்துக்கு எல்லை மனிதக் கையின் இயல்பான வேகமே என்று தெரிந்தது.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் தம் கருவிகளை அரங்கில் காட்டினார். அவரது வலக்கையில் சுட்டெலி. இடக்கையின் கீழ் ஐந்தே விசைகள் கொண்ட ஒரு சிறு பலகை. வீணைத் தந்திகளை மீட்டுவது போல விசைகளைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் எழுத்துகள் பிறக்கும். ஐந்து விசைகளில் முப்பத்தொரு சேர்க்கைகள் உண்டு. கற்றுக்கொள்ளச் சில நாள் பயிற்சி வேண்டும் என்பதால் உலகம் அதைக் கைவிட்டது. சுட்டெலியை மட்டும் எடுத்துக்கொண்டது. கருவிகளின் வரலாற்றில் சிறந்தது தோற்று எளியது வென்ற நிகழ்வுகள் பல.

அதன்பின் கதை விரைவானது. அதே ஆண்டு ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனமும் உருளும் பந்து கொண்ட சுட்டியை விற்பனைக்கு வைத்தது. 1973இல் ஜெராக்ஸின் ஆல்டோ கணினியோடு சுட்டெலி இணைந்தது. 1983இல் ஆப்பிளின் லிசா, 1984இல் மெக்கின்டாஷ் அதைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றன. 1996இல் மைக்ரோசாஃப்டின் சுட்டெலிக்கு நடுவில் சக்கரம் வந்தது. 1999இல் பந்து போய் ஒளி வந்தது. அடியிலுள்ள சிறு கண் நொடிக்குப் பல நூறு படங்கள் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டுக் கை எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டது. எங்கள் ஊர்ச் செம்மண் புழுதியில் பந்துச் சுட்டெலி பட்ட பாடு அறிந்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை தெரியும். வாரத்துக்கு ஒருமுறை வயிற்றைத் திறந்து, உருளைகளில் சுற்றிய அழுக்கை நகத்தால் சுரண்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது.

தமிழ் இதற்குச் சுட்டி என்றும் சுட்டெலி என்றும் பெயர் வைத்தது. தற்செயலோ அறிந்தோ, நல்ல பெயர். அ, இ, உ மூன்றையும் சுட்டு என்று நம் இலக்கணம் வகுத்திருக்கிறது. அருகில் உள்ளது ‘இது’, தொலைவில் உள்ளது ‘அது’, இடைப்பட்டது ‘உது’. மூன்றாவது தமிழகத்துப் பேச்சில் மறைந்தாலும் யாழ்ப்பாணத்துப் பேச்சில் வாழ்கிறது. பெயர் சொல்லாமலே பொருளைக் காட்டுவது சுட்டின் தொழில். கோப்பின் பெயரைத் தட்டாமலே அதைக் காட்டித் திறப்பது சுட்டெலியின் தொழில். மொழி வாயில் செய்ததை இந்தக் கருவி கையில் செய்கிறது.

முப்பத்தொரு விசைகள்

சுட்டெலிக்கு மொழி இல்லை. விசைப்பலகைக்கு உண்டு. தமிழின் உண்மையான தேர்வு அங்கேதான் நிகழ்ந்தது.

1980களிலிருந்தே மலேசியாவின் முத்து நெடுமாறன், கனடாவின் சீனிவாசன் முதலியோர் கணினியில் தமிழை ஏற்றிவந்தனர். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றியவர்களுள் முன்னோடி. சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாக வழங்கினார். ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு விசையமைப்பு என்ற நிலை தோன்றியது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் கணினியில் திறந்தால் கட்டங்களும் கிறுக்கல்களும் தெரிந்த அக்காலத்தை இப்பக்கத்தின் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக ஒரு பொது விசைப்பலகை பிறந்தது. தமிழக அரசு அதே ஆண்டு அதை ஏற்றது. அதுவே தமிழ்99. அதன் அமைப்பைச் சற்றே பார்ப்போம். உயிர் பன்னிரண்டும் இடக்கைப் பக்கம். மெய் வரிசையில் வகரமும் ஙகரமும் தவிர மற்ற அனைத்தும் வலக்கைப் பக்கம். புள்ளியும் ஆய்தமும் ஒரே விசை. ஆக முப்பத்தொரு விசைகள். நன்னூல் படித்த மாணவனுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. மெய்யை அழுத்து, உயிரை அழுத்து, உயிர்மெய் பிறக்கும். பிறப்பியலின் ஒழுங்கே விரலின் ஒழுங்கு.

நுட்பம் அத்துடன் நிற்கவில்லை. ஒரே மெய் இரட்டித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற போன்ற இன எழுத்துச் சேர்க்கைகளிலும் அப்படியே. ‘அம்மா’ என்று எழுத நான்கு விசைகள்: அ, ம, ம, ஆ. ‘தங்கம்’ என்று எழுத ஐந்து விசைகள். அதையே ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்து எழுதினால் எட்டு வரை ஆகும். ஓலையில் தொலைந்த புள்ளியைப் படிப்பவர் ஊகித்தார். தமிழ்99இல் அதைப் பொறியே ஊகித்து வைக்கிறது. புணர்ச்சியும் இனவெழுத்தும் அறிந்த ஒரு கருவி தமிழுக்குக் கிடைத்தது.

இன்னொன்றும் உண்டு. விரல்கள் இயல்பாக இளைப்பாறும் நடுவரிசையில், இடக்கையின் முதல் மூன்று விரல்களுக்குக் கீழே இருப்பவை அ, இ, உ. சுட்டெழுத்துகள் மூன்றும்! மிகுதியாகப் பயிலும் குறில்கள் என்பதால் அங்கே அமைந்தன. இலக்கணம் படித்தவனுக்கோ அது வேறொரு மகிழ்ச்சி.

ஓலை, அச்சு, தட்டச்சு ஆகிய மூன்றிலும் எழுத்து கருவிக்கு வளைந்தது. தமிழ்99இல் கருவி மொழிக்கு வளைந்தது. அப்படியிருந்தும் நம்மில் பெரும்பாலோர் அதைத் தெரிந்தெடுக்கவில்லை.

காரணங்கள் பல. அரசு அலுவலகங்களில் தட்டச்சுப்பொறியில் பயின்ற விரல்கள் பழைய அமைப்பையே கேட்டன. அச்சகங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களின் அமைப்பில் ஊறியிருந்தன. விண்டோஸ் 2000இல் தமிழ் உள்ளமைவாக வந்தபோது உடன்வந்தது, இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுத்த இன்ஸ்கிரிப்ட். இணையத்தில் எழுத வந்த நம்மவர் எ-கலப்பை போன்ற செயலிகளின் துணையால் ஆங்கில விசைகளிலேயே தமிழை ஒலித்து எழுதினர். அதைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் குறுக்குவழி இல்லாதிருந்தால் 2000களில் தமிழ் வலைப்பதிவுகளே பெருகியிருக்கமாட்டா. முழங்கால் கருவி புதியவர்களுக்குக் கைகொடுத்தது போல அது நமக்குக் கைகொடுத்தது. ஆனால் நூறாவது நாளிலும் நாம் முழங்காலாலேயே சுட்டிக்கொண்டிருக்கிறோம்.

2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. 2011இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் முந்திரிக்காட்டு வீடுகளுக்குள் முதன்முதலாகக் கணினி நுழைந்தது அப்படித்தான். எழுத்துரு, குறியீடு, கணினி ஆகிய மூன்று தடைகளும் நீங்கின. எஞ்சியது விரல் மட்டுமே. இன்று தமிழிலக்கியம் படிக்கும் மாணவர்களில் பலர் ‘யாப்பருங்கலக்காரிகை’ என்ற சொல்லைத் தட்ட வேண்டுமானால் அதை மனத்துக்குள் ஆங்கில எழுத்துகளாக உடைத்துக்கொள்கிறார்கள். ழகரத்துக்கு எந்த எழுத்து, ளகரத்துக்குப் பெரிய எழுத்தா, நகரத்துக்கு எது, னகரத்துக்கு எது என்று தேடும் கணத்தில் தமிழின் ஒலியொழுங்கு அவர்கள் விரலிலிருந்து நழுவுகிறது. செயலி ஊகித்துத் தரும் சொற்பட்டியலில் முதலில் நிற்பதைத் தொட்டுவிட்டு நகர்கிறார்கள். ‘அரம்’ என எழுத வேண்டிய இடத்தில் ‘அறம்’ வருகிறது. பிழை என்பதுகூடத் தெரியாமல் போகிறது. ஏடெழுதுவோர் பிழை என்று ஒரு காலத்தில் சொன்னோம். இது விசையெழுதுவோர் பிழை. முன்னதைத் திருத்த உ.வே.சா. வந்தார்.

கடைக்குப் போகும்போது

இவ்வளவும் சொன்ன பிறகு, மேசைக்கு எதை வாங்குவது என்று கேட்கும் நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் சொல்லும் சிலவற்றை இங்கே தொகுக்கிறேன். எழுத்தாணி மூன்று வகையானதற்கு அடிப்படையாகக் கண்ட அதே மூன்று கேள்விகள்தாம்: யாருடைய கை, என்ன வேலை, எந்த இடம்?

யாருடைய கை? சுட்டெலியைப் பெட்டியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கி நகம் மேசையில் இடித்தால் அது சிறியது. பொத்தானை எட்ட மணிக்கட்டை இழுக்க வேண்டியிருந்தால் அது பெரியது. மடிக்கணினியோடு எடுத்துச்செல்வதற்கான குட்டிச் சுட்டெலிகள் பயணத்துக்கு உகந்தவை. நாள்முழுதும் எழுதுபவருக்கு உகந்தவையல்ல. இடக்கைப் பழக்கமுள்ள மாணவர்களுக்கு, இருபுறமும் ஒத்த வடிவமுள்ளதை வாங்கிப் பொத்தான்களை அமைப்பில் மாற்றிக்கொடுங்கள். மணிக்கட்டு வலியுள்ளவர்கள், கைகுலுக்குவது போல் பிடிக்கும் செங்குத்துச் சுட்டெலியைச் சில நாள் பயன்படுத்திப் பார்க்கலாம். வலி தொடர்ந்தால் மருத்துவரையே நாட வேண்டும், கடைக்காரரை அல்ல.

என்ன வேலை? நுண்ணளவுப் புள்ளிக்கணக்கு பல்லாயிரம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது விளையாட்டுக்காரர்களுக்கானது. எழுதுபவருக்கும் மெய்ப்புப் பார்ப்பவருக்கும் ஆயிரத்தை ஒட்டிய அளவு தாராளம். அவர்களுக்குத் தேவை நல்ல உருளும் சக்கரம். நானூறு பக்க மின்சுவடியை ஒரு விரலால் புரட்டும் வேலை அதற்கு உண்டு.

எந்த இடம்? கண்ணாடி பதித்த மேசையில் சாதாரண ஒளிச்சுட்டெலி தடுமாறும். ஒரு துணித்திண்டோ தடித்த அட்டையோ போதும். கம்பியில்லாத சுட்டெலி மேசைக்கு அழகு. மின்கலம் தீர்ந்து நடுவில் நிற்கும்போது மாற்றுக்கலம் வீட்டில் இருக்கிறதா என்று எண்ணிப்பாருங்கள். கல்லூரிக் கூடங்களுக்குக் கம்பியுள்ளதே நல்லது, தொலையாது.

விசைப்பலகைக்கு இன்னும் சற்று நேரம் கொடுங்கள். விசைகள் ஆழமாக அமிழ்ந்து தெளிவாக எழ வேண்டும். சுட்டெலியும் விசைப்பலகையும் ஒரே மட்டத்தில், முழங்கை ஏறக்குறையச் செங்கோணத்தில் மடங்கும் உயரத்தில் இருக்கட்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரவேண்டும். அதற்குத் தடித்த அகராதி ஒன்றை அடியில் வைப்பவர்களை அறிவேன். அகராதிக்கு அதைவிட நல்ல வேலை உண்டு. ஒரு மரப்பலகை போதும்.

விசைகளின் மேல் தமிழ் எழுத்து இல்லையே என்பார்கள். ஒட்டுத்தாள்கள் கிடைக்கின்றன. அவையும் வேண்டியதில்லை, முப்பத்தொரு எழுத்துகளின் படத்தை ஒரு தாளில் அச்சிட்டுத் திரைக்கருகே ஒட்டி, நாளொன்றுக்கு அரைமணி நேரம் விடாது எழுதினால் சில வாரங்களில் விரல் கண்ணை மறந்துவிடும். தமிழ்99 இன்று விண்டோஸிலும் ஆப்பிள் கருவிகளிலும் உள்ளமைவாகவே இருக்கிறது; கைப்பேசிக்கும் செல்லினம் போன்ற செயலிகளில் உண்டு. இந்த ஒரு துணைக்கருவிக்கு மட்டும் விலை இல்லை. அதனால்தானோ என்னவோ எந்தக் கடைக்காரரும் அதை எடுத்துக் காட்டுவதில்லை.

எழுத்தாணியைத் தெரிந்தெடுத்தவர்கள் தங்களுக்காக மட்டும் தெரிந்தெடுக்கவில்லை. அவர்கள் விட்ட புள்ளி நானூறு ஆண்டு கழித்துப் படித்தவரைத் திணறடித்தது. ஏலாக்குறிச்சியில் ஒருவர் இட்ட கால் இன்றும் நம் ஏகாரத்தைத் தாங்கி நிற்கிறது. நம் மேசையில் நாம் பழகும் அமைப்பையே நம் பிள்ளைகளும் மாணவர்களும் பார்த்துப் பழகுவார்கள். அடுத்த முறை கணினிக் கடையில் நிற்கும்போது விலையைக் கேளுங்கள், உத்தரவாதத்தைக் கேளுங்கள். வீடு திரும்பியதும் விசைப்பலகையின் நடுவரிசையில் இடக்கையை வையுங்கள். அங்கே அ, இ, உ இருக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம்.